வீட்டுக் கரண்ட், வெளிக் கரண்ட்

மின்சாரக் கார் வாங்கினவர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பது. அடுத்தது, "வீட்ல போட்டா எவ்ளோ ஆவுது, வெளிய போட்டா எவ்ளோ ஆவுது?" முதல் கேள்விக்கு வண்டி வாங்கிய வாரமே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. இரண்டாவதற்குச் சரியான பதில் தெரிய முக்கால் வருஷம் பிடித்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் சில நாள் தோன்றுகிறது.

கிரிவல மலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் போகிற புது நகர் ஒன்றில் எங்கள் வீடு. கீழே அண்ணன் குடும்பம், மேலே நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, ஊருக்குத்தான் இருந்தது. மனை, அப்பா அண்ணன் பெயரில் வாங்கியது. அதன்மேல் மாடியை நான் லோன் போட்டுக் கட்டினேன். மண் அண்ணனுடையது, மாடி என்னுடையது. மாடியைப் பற்றி எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி கிடையாது. "உனக்கும் எனக்கும் நடுவுல எதுக்கும்மா பேப்பரு?" என்று அண்ணன் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ரிடையர் ஆன பிறகு எங்கே இருப்பீர்கள் என்று ஆபீஸில் யாராவது கேட்டால், "எங்க வீட்ல" என்பேன். வேறெங்கும் எனக்கு இடம் இல்லை என்பது நினைவுக்கே வந்ததில்லை.

எனக்கு வேலை கீழ்பென்னாத்தூர் பக்கம், விவசாயிகள் மல்லாட்டை மூட்டைகளைக் கொண்டுவந்து விற்கிற கூடத்தில். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் ஊரில் வேர்க்கடலை என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எடை மேடையில் மூட்டை ஏறும்போது ஓரத்தில் செருப்பு நுனியை வைத்து அழுத்துகிற ஆளை நான் பத்தடி தள்ளி நின்றே பிடித்துவிடுவேன். "மேடம் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று வியாபாரிகள் சிரிப்பார்கள். அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

ஸ்கூட்டரிலேயே போய் வந்துகொண்டிருந்தேன். முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் மகள், வீட்டில் எல்லோருக்கும் பாப்பா, அந்த வருஷம்தான் நான் போகிற வழியில் இருக்கிற கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாள். கார் வாங்கினால் இரண்டு பேருக்கும் ஆகும் என்று தோன்றியது. பெட்ரோல் கார் என் சம்பளத்துக்குத் தாங்காது. வாங்குவதற்கு இல்லை, ஓட்டுவதற்கு. மின்சாரக் கார் என்றதும் முதலில் குதித்தவர் அண்ணன்தான். "வாங்கும்மா. போர்ட்டிகோல நிறுத்திக்கோ. வீட்லயே சார்ஜ் போட்டுக்கோ. பால் காசுதான் ஆவும்" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு மீட்டர்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் சொந்த வீடு கட்டுகிற எவரும் வாஸ்துவுக்கு அடுத்தபடியாக யோசிப்பது ஐநூறு யூனிட்டைப் பற்றித்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பார்கள். அதற்குள் ஐநூறைத் தாண்டாமல் இருந்தால் சலுகை. தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் ரேட்டு ஏறிவிடும். அதனால் ஒரே வீட்டுக்கு இரண்டு சர்வீஸ், இரண்டு மீட்டர் வாங்கிவைப்பது எங்கள் பக்கம் வழக்கம். எங்களுக்கும் மாடிப்படிக்கு அடியில் இரண்டு மீட்டர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கீழ் மீட்டர் அண்ணனுக்கு, மேல் மீட்டர் எனக்கு. போர் மோட்டார் கீழ் மீட்டரில் ஓடியது. அதற்கு என் பங்கை மாதாமாதம் அண்ணி கையில் கொடுத்துவிடுவேன்.

கார் தை மாதக் கடைசியில் வந்தது. அதே வாரம் அண்ணன் மகள் ரூமுக்கு ஏசி ஒன்றும் வாங்கினேன். அவள் கேட்கவில்லை. "வெயில் காலத்துல புள்ள எப்படித்தான் படிப்பாளோ" என்று அண்ணி ஒரு நாள் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் ஆபீஸ் போயிருந்த ஒரு நாளில் எலக்ட்ரீஷியன் வந்து, போர்ட்டிகோவில் காருக்கு ஒரு பாயிண்டும், பாப்பா ரூமில் ஏசிக்கு ஒரு பாயிண்டும் போட்டுவிட்டுப் போனார். அண்ணன் லீவு போட்டுப் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினாராம். சாயங்காலம் நான் வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். "உன் லைன்ல குடுத்திருக்கேன். நாளைக்கு யாரும் ஒரு பேச்சு பேசக்கூடாது பாரு." நான் தலையாட்டினேன். என் கார், என் லைன். சரிதானே.

சித்திரையில் முதல் பில் போனில் வந்தது. பார்த்ததும் தப்பாக வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஐநூறை எங்கேயோ பின்னால் விட்டுவிட்டு ஓடியிருந்தது. அண்ணனிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, "கார்னா சும்மாவா? குடிக்கத்தான் செய்யும்" என்றார்.

"பால் காசுன்னீங்களேண்ணா."

"நம்ம வண்டி கொஞ்சம் ஜாஸ்தி பால் குடிக்குது போல."

எல்லோரும் சிரித்தோம். பாப்பாவும் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் சிரித்துவிட்டு உடனே எழுந்து உள்ளே போய்விட்டாள். படிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் என் கார் குடும்பத்தில் ஒரு கேலிப் பொருளாகிவிட்டது. சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்துகொண்டு அண்ணன், "எங்க வீட்ல புதுசா ஒரு மருமவ வந்திருக்கா, கரண்ட்டைத் தவிர வேற எதையும் தொடமாட்டா" என்று ஆரம்பித்தார். பெரியப்பா மகன் ஒருவன், "கார் வாங்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்று எனக்காக வருத்தப்பட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் குன்றிப்போய்விட்டேன். தனியாகச் சம்பாதித்து, தனியாக முடிவெடுத்து, தனியாக முட்டாளானவள் என்று எல்லா இலையிலிருந்தும் என்னைப் பார்ப்பது போல இருந்தது.

சரி, சிக்கனம் பிடிப்போம் என்று தீர்மானித்தேன். காரை விற்க முடியாது, தவணை இருக்கிறது. மேலே என் அறையில் முன்பே இருந்த ஏசியை நிறுத்தினேன். இந்த ஊரில் மலைதான் சாமி, அந்தச் சாமியே நெருப்பு. மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அதை எங்கள் மேல் விடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில், அக்னி நட்சத்திரத்தில், ஏசியை ரிமோட்டோடு சேர்த்துத் துணி போட்டு மூடிவைத்துவிட்டுத் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்தேன். உடம்பெல்லாம் வேர்க்குரு. ஆபீஸில் பவுடர் வாசனை தாங்கவில்லை என்று கிண்டல் செய்தார்கள்.

கீழே பாப்பா ரூமில் ஏசி ஓடும். அதன் வெளிப்பெட்டி என் பால்கனிக்கு நேர் கீழே சுவரில் மாட்டியிருந்தது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் வாங்கிக் கொடுத்தது, அது ஓடுகிறது, பிள்ளை குளிர்ச்சியாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அண்ணியிடம் வாய்விட்டே கேட்டேன். "எப்படி அண்ணி, ஏசி ஓட்டியும் உங்களுது ஐநூறுக்குள்ள நிக்குது?"

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "வேணுங்கறப்ப மட்டும்தான் போடுவோம். எதையும் பார்த்துச் செலவு பண்ணணும்மா. உனக்கு சொல்றதுக்கு ஆளு இல்ல, அதான்."

அதைக் கேட்டுக்கொண்டு மேலே வந்து, ஃப்ரிட்ஜையும் கம்மியில் வைத்தேன்.

ஆனியில் அடுத்த பில். கொஞ்சம் கூடக் குறையவில்லை. அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் வருவதற்கு முன் வந்த பில், வந்த பின் வந்த பில், நடுவில் இருக்கிற வித்தியாசம் முழுவதும் காருக்கு. ஓட்டிய தூரம் வண்டியிலேயே தெரியும். வகுத்துப் பார்த்தால், கிலோமீட்டருக்கு ஆகிற செலவு, வெளியே சார்ஜிங் ஸ்டேஷனில் போட்டால் ஆகிற செலவுக்குக் கிட்டத்தட்டச் சமம். வெளியே போடுவது வீட்டைப் போல மூன்று மடங்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக இருந்தது. எதையோ தப்பாக வகுத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்ப வகுத்தேன். விடை அதேதான்.

அப்போது என் மனதில் வந்தது சந்தேகம் இல்லை, சங்கடம். நான் சார்ஜ் போடும்போது சில சமயம் கீழே டியூப்லைட் மங்கும். "உங்க அத்தை வண்டிக்கு சோறு ஊட்டுறாங்க" என்று அண்ணன் கத்துவார். எப்படியும் ஒரே செலவு என்றால், வெளியே போட்டுக்கொண்டு போகலாமே, அண்ணன் வீட்டு விளக்காவது மங்காமல் எரியட்டுமே என்று நினைத்தேன். கீழே போய்ச் சொன்னேன்.

"இனிமே வெளியவே போட்டுக்கறேண்ணா. செங்கம் ரோட்டுல ஒரு ஓட்டல்ல பாயிண்ட் இருக்குது."

அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "எதுக்கு? வீடு இருக்கறப்ப எதுக்கு வெளிய?"

"உங்களுக்கும் லைட்டெல்லாம் டிம்மாவுது இல்ல."

"ஆவட்டும். அதுக்காக நீ வெளிய போயி தனியா நிப்பியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? வீட்லயே போடும்மா."

அண்ணியும் அடுக்களையிலிருந்து வந்தார். "ஃபாரின்காரங்க, சாமியாருங்கன்னு எவன் எவனோ திரியற ரோடு அது. பொம்பள தனியா வண்டில உக்காந்துட்டு இருக்கறது நல்லாவா இருக்கும்? இதெல்லாம் ஒரு பெரிய செலவுன்னு பாக்காத."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் செலவைப் பார்த்து ஊரே சிரித்தபோது, இவர்கள் இரண்டு பேரும் என்னை வெளியே நிற்க விடமாட்டேன் என்கிறார்களே என்று மாடிப்படியில் ஏறும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணீரைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் நான் வெளியே போகத்தான் செய்தேன். எனக்குப் பிடிவாதம் உண்டு. கீழே சொல்லிக்கொள்ளவில்லை. ஆபீஸ் விட்டு வரும்போது ஊரைக் குறுக்கே தாண்டி, ரமணாசிரமப் பக்கம் போய், ஓட்டல் வாசலில் வண்டியைச் செருகிவிட்டு, எதிரே இருக்கிற காபிக் கடையில் உட்காருவேன். பௌர்ணமி வந்தால் மட்டும் முன்கூட்டியே போட்டுவைத்துவிட வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் அந்தப் பக்கம் ஒரு சைக்கிளைக்கூட உருட்ட முடியாது. கடையில் இஞ்சி டீயை ஒரு கிண்ணத்தில் கொடுத்து அநியாய விலை வாங்குவார்கள். வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நானும் சும்மா உட்கார்ந்திருப்பேன். வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி உட்கார்ந்ததே இல்லை. அண்ணி பயந்த மாதிரி யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் பக்கத்துப் பாயிண்டில் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தார். என் ஊர் இதுதான், வீடு இங்கேதான் என்றதும் ஆச்சரியப்பட்டார்.

"அப்புறம் ஏங்க இங்க வந்து போடறீங்க? நாங்க வீட்ல போட்டா இதுல மூணுல ஒரு பங்குதான் ஆவுது. பில் ஏறினதே தெரியல."

"எங்க வீட்ல ரெண்டும் ஒண்ணுதாங்க."

"அதெப்படிங்க?" என்றார் அவர்.

"உங்க ஊர் கரண்ட் வேற, எங்க ஊர் கரண்ட் வேறயோ என்னமோ" என்று சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

ஆவணியில் பில் வந்தது. இரண்டு மாதமும் வீட்டில் ஒரு தடவைகூட நான் காருக்குப் போடவில்லை. என் ஏசி துணிக்குள் இருக்கிறது. ஒரு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஆள். பில் போன தடவையை விடக் கொஞ்சம்தான் கம்மி.

லீக்கேஜ். எனக்கு முதலில் தோன்றிய வார்த்தை அதுதான். எலி எங்கேயோ ஒயரைக் கடித்திருக்கிறது, சுவர் வழியாகக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது என்று பயந்துவிட்டேன். பாப்பா ஈரக் கையோடு சுவரைத் தொட்டுவிட்டால் என்ன ஆவது என்றுகூட நினைத்தேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். கீழே சாப்பிட்டுவிட்டு அண்ணனும் அண்ணியும் படுத்திருந்தார்கள். மேலே எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன். மாடிப்படிக்கு அடியில் போய், மேல் மீட்டருக்கு முன்னால் குனிந்து நின்றேன். கரண்ட் ஓடினால் மின்னுகிற சிவப்புப் புள்ளி, விடாமல் வேகமாக மின்னிக்கொண்டிருந்தது. ஒன்றுமே ஓடாத ஒரு வீட்டின் மீட்டர் அது.

எலக்ட்ரீஷியன் வருகிற வரைக்கும் ஆபத்து வேண்டாம் என்று என் மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தேன்.

பின்பக்கம் தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. என் தலைக்கு மேலே, பால்கனிக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த ஏசிப் பெட்டி நின்றது. பிறகு உள்ளிருந்து அண்ணியின் குரல்.

"ஏங்க, கரண்ட் போச்சா?"

அண்ணனின் தூக்கக் குரல். "ஃபேன் ஓடுதே."

"ஏசி நின்னுபோச்சுங்க. மோட்டாரும் நின்னுபோச்சு." பிறகு அண்ணியின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "ஏங்க... மேல லைன் போயிருக்குது போல."

என் கை இன்னும் மெயின் ஸ்விட்சின் மேலேயே இருந்தது. ஏமாற்றுகிறவனைப் பத்தடி தூரத்தில் பிடிக்கிறவள், என் காலுக்குக் கீழே அரை வருஷமாக உறுமிக்கொண்டிருந்ததைக் கேட்டு, பிள்ளை தூங்குகிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். மாதாமாதம் மோட்டார் பங்கு என்று அண்ணி கையில் நான் வைத்த பணம் வேறு நினைவுக்கு வந்தது. அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார் அண்ணி. ஒரு தடவைகூட அவர் கை பின்வாங்கியதில்லை.

அண்ணன் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பொய் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் தேவலை.

"அதை மேல தூக்கிவிடும்மா. பொண்ணு படிச்சிட்டிருக்கா."

"என் லைன்ல உங்க ஏசி எப்படிண்ணா வந்துச்சு?"

"உங்க ஏசி என்ன உங்க ஏசி? நீ வாங்கிக் குடுத்ததுதான?"

"மோட்டாரு?"

அண்ணன் படியில் உட்கார்ந்துகொண்டார். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "பாரு. கார் போட்டா உன் மீட்டரு எப்படியும் ஐநூறைத் தாண்டிடும். தாண்டினது தாண்டினதுதான். அதோட ஏசியும் போட்டு ரெண்டு மீட்டரும் தாண்டணுமா? ஒண்ணாவது உள்ள நிக்கட்டுமேன்னுதான் செஞ்சேன். ஒரே குடும்பம்தான? மொத்தத்துல நமக்குக் கம்மிதான ஆச்சு?"

நமக்கு. அந்த வார்த்தையை அவர் கூசாமல் சொன்னார்.

"எனக்கு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கணக்குப் பாப்ப."

"காருன்னு சொல்லி ஊரையே சிரிக்க வச்சீங்களே. அத்தனை வெயில்ல ஏசிய மூடிவச்சிட்டுக் கெடந்தேனே, கீழ இருந்து தெரிஞ்சுதான இருந்துச்சு?"

அண்ணி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் பதில் சொன்னார். "இப்ப என்ன பெரிசா கொள்ளையடிச்சிட்டோம்? உனக்குன்னு யாரு இருக்கா? நாளைக்கு இதெல்லாம் பாப்பாவுக்குத்தான வரப்போவுது? உன்னுது, என்னுதுன்னு பிரிச்சுப் பாக்கறதே எங்களுக்குத் தெரியாது."

பிரிக்கத் தெரியாதவர்கள் மீட்டரை மட்டும் எவ்வளவு அழகாகப் பிரித்திருந்தார்கள். என் மாடி, என் கார், என் ஏசி எல்லாம் நான் உயிரோடு இருக்கும்போதே கைமாறி முடிந்திருக்கின்றன, எனக்குத்தான் தகவல் வரவில்லை என்று புரிந்தது. கேட்டிருந்தால் கரண்ட் என்ன, காரையே கொடுத்திருப்பேன். கேட்பதற்கு நான் ஒரு ஆளாக அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. வீட்டை விட்டுப் போகிறேன் என்று கத்தலாம் என்றால், எந்த வீட்டை? மாடியைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டா போக முடியும்?

அப்போது பாப்பா உள்ளிருந்து வந்தாள். வேர்த்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். தினமும் காலையில் என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வருகிற பெண். சார்ஜிங் ஆப்பை என் போனில் இறக்கிக் கொடுத்ததே அவள்தான்.

"உனக்குத் தெரியுமாடி?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் கால்களைப் பார்த்தாள். "ஒயர் போட்டப்ப நான் வீட்லதான் இருந்தேன் அத்தை" என்றாள்.

அண்ணன் செய்தது எனக்குக் கோபம். அண்ணி சொன்னது எனக்கு அவமானம். இவள் சொன்னதுதான் வலி. வகுத்து வகுத்து விடை வரவில்லை என்று காரில் நான் புலம்பியபோதெல்லாம், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் மலை தெரியும், அதைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெயினை மேலே தூக்கிவிட்டேன். ஏசி உறும ஆரம்பித்தது. மறுநாள் அவளுக்குப் பரீட்சை. அந்த ஒரு நாளைக்கு மட்டும், தெரிந்தே கொடுத்தேன்.

மறுநாள் லீவு போட்டு வேறொரு எலக்ட்ரீஷியனை நானே அழைத்துவந்தேன். பக்கத்திலேயே நின்று, ஏசியையும் மோட்டாரையும் கீழ் மீட்டருக்கு மாற்றவைத்தேன். காரின் பாயிண்ட் என் லைனிலேயே இருந்தது. அது ஒன்றுதான் அண்ணன் சொன்னபடி இருந்தது. அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார். கிரிமினல் வீட்டைப் போல உள்ளே ஆளை விட்டுச் சோதனை போட்டேன் என்று சொந்தத்தில் பேச்சு. அந்தக் காதுகுத்துப் பந்தியில் எனக்காக வருத்தப்பட்டவன் போன் செய்து, "கரண்ட்டுக்காகக் கூடப்பிறந்தவர பகைச்சுக்கலாமாக்கா?" என்றான். வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு முழு ரீடிங் காலமும் வீட்டிலேயே காருக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு விடை தெரிய வேண்டியிருந்தது. ஐப்பசியில் பில் வந்தது. என் மீட்டர் ஐநூறைக் கொஞ்சம் தாண்டித்தான் போயிருந்தது. ஆனாலும் வெளியே ஆவதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுதான் கூடுதல். சென்னைக்கார அம்மாள் சொன்னது சரி. அண்ணன் முதல் நாள் சொன்ன பால் காசும் கிட்டத்தட்டச் சரி. கீழ் மீட்டர் எவ்வளவு ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏசிச் சத்தம் இப்போதெல்லாம் சீக்கிரம் நின்றுவிடுகிறது. வேணுங்கறப்ப மட்டும் போடுகிறார்கள்.

ஆக, யார் கேட்டாலும் எனக்கு இப்போது பதில் தெரியும். வீட்டில் போடுவதுதான் மலிவு. சந்தேகமே இல்லை.

பாப்பா இன்னும் என்னோடுதான் காரில் வருகிறாள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகாதே என்று அவர்களும் சொல்லவில்லை. முன்பு போல நான் புலம்புவதில்லை. அவளும் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. ஒரு நாள் இறங்கும்போது, "ஸாரி அத்தை" என்றாள். "லேட்டாவுது, போ" என்றேன். உண்மையிலேயே அவளுக்கு லேட்டாகியிருந்தது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் பேச்சு அப்படியொன்றும் அறுந்துவிடவில்லை. ஒரே கேட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது முடியாது. தண்ணி வந்துச்சா, குப்பை வண்டி போச்சா என்கிற அளவில் ஓடுகிறது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்க, சார்ஜ் போடவா?"

"ஆமாண்ணா. செங்கம் ரோட்டுக்கு."

"உன் லைனத்தான் தனியா பிரிச்சிட்டியே. வீட்ல போட்டா கம்மியாதான ஆவுது? எதுக்கு அங்க போயி மூணு மடங்கு குடுக்கற?"

நான் கண்ணாடியை இறக்கினேன். கோபமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்ததைச் சொன்னேன்.

"அங்க ரேட்டு எழுதி வச்சிருக்காங்கண்ணா. எவ்ளோ எடுக்கப்போறாங்கன்னு முன்னாடியே சொல்லிடறாங்க."

அண்ணன் பேப்பரை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.